ஒற்றை முள்ளுக்குக் குத்தகை கிடையாது

உன் அப்பாவைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டு உயிரைக் காப்பாற்றிய பிள்ளை மேல் நீ பொய்ப் புகார் கொடுத்திருக்கிறாய். இதைச் சொல்வதற்காகப் பலமுறை போன் அடித்துவிட்டேன். என் நம்பரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை, குளத்துக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டு வீட்டுக்கும் வருவதில்லை. சரி, எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி அனுப்பப் போவதில்லை. அச்சன்புதூரில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும், தெரியாதவர்களுக்கு யாராவது படித்துச் சொல்லட்டும். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அவள் பெயர் காகிதத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதுதானே இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

நேற்று மதியம் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. தடித்த அட்டை, மூலையில் துள்ளுகிற மீன் படம். உன் யோசனையாகத்தான் இருக்கும். தெருவில் வீடு வீடாகப் பாக்கு வைத்து அழைப்பது என் பொறுப்பு. நம் தெருவில் எந்த நல்ல காரியத்துக்கும் மேற்கு ஓரத்தில் தொடங்கித்தான் அழைப்பு. மேற்கு ஓரத்து முதல் வீடு அவள் வீடு. தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நம் வாசல்வரை போனேன். திரும்பி வந்து தையல் மெஷின் மேல் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெற்றிலை வாடிவிட்டது.

அந்தப் பிள்ளை போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டத்தில் தேறிவிட்டாள். உயரம், மருத்துவம் எல்லாம் முடிந்தது. மிச்சம் இருப்பது விசாரணை மட்டும். இவள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். இந்த நிமிஷம் வரை இல்லை. நீ கொடுத்த மனு மேல் திங்கட்கிழமை இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நீ பிடிவாதமாக நின்றால் அது வழக்காகும். வழக்கானால் பீடி சுற்றிப் பிழைக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் அத்தனை வருஷம் குளத்துக்கரையில் ஓடி ஓடிச் சேர்த்தது எல்லாம் போய்விடும். இது உனக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். உன் வருங்கால மாமனார் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் புகார் கொடுக்கச் சொல்லி உனக்கு யோசனை சொன்னார்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். நீ மறந்துவிட்டாய் என்பதற்காக இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் புரிய வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினாய். கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். நீயாக வேலையை விட்டுவிட்டு வந்ததாகத் தெருவில் சொன்னோம். சொன்னது நான்தான். பெட்டியைத் திறந்தால் துணிமணியைவிடத் தூண்டில் சாமான்தான் அதிகம். மடக்கி நீட்டுகிற நீளக் கம்பு, மயிரிழை மாதிரி நரம்பு, கோலிக்குண்டு அளவுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகத் தக்கைகள், சின்ன முள்ளில் இறகும் முடியும் வைத்துக் கட்டிய பொம்மைப் பூச்சிகள். அதற்கு ஃபிளை என்று பெயர் சொன்னாய். நம் தெரு அதற்குக் கோழிமுள் என்று பெயர் வைத்தது. அங்கே குளிர் காலத்தில் ஏரித் தண்ணீர் ஐஸாக இருக்குமாம். பாஸ், கிராப்பி என்று இரண்டு சாதி மீன். மற்ற எந்த இரைக்கும் அசையாதவை இந்தத் தக்கைக்கும் ஃபிளைக்கும் வாயைத் திறக்குமாம். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் உனக்குப் பழக்கிவிட்டதாகச் சொன்னாய். பேசும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேலை போன ஆள் முகமாக அது இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஒற்றைப்பனைக் குளத்துக்குப் போனோம். நீ, நான், உன் அப்பா. குளம் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று வந்து முகத்தில் அறைந்தது. நீ தக்கைக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் அதிகமாக நரம்பை விட்டு, நுனியில் அந்தக் கோழிமுள்ளைக் கட்டி வீசினாய். "எம்மா, தண்ணி ஆறிப்போனா மீன் இரையை வெரட்டாது. மேலயும் வராது, அடியிலயும் கெடக்காது. நடுவுல சும்மா நிக்கும். நாமதான் அது மூஞ்சிக்கு நேரா கொண்டு போய்த் தொங்க விடணும். தக்கையை லேசா நடுங்க விட்டா போதும். இழுக்கப்பிடாது" என்று சொன்னாய். உன் அப்பா மறுகாலைக் காட்டி, "ஏலே, அங்கன எருமை குளிச்சிக்கிட்டு கெடக்கு. இதுல எங்கலே இருக்கு உன் அமெரிக்கா குளிரு?" என்று கேட்டார். கரையில் புழுவைக் கோத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் தக்கை ஒன்றும் அசையவில்லை. உன் தக்கை மட்டும் மெல்லச் சாய்ந்து தண்ணீர் மேல் படுத்தது. முங்கவில்லை. படுத்தது. மீன் கீழிருந்து மேலே தூக்கி வாங்கினால் அப்படித்தான் படுக்கும் என்றாய். ஜிலேபிக் கெண்டை ஒன்று வந்தது. அப்புறம் ஒன்று. அதற்கப்புறம் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

விராலைப் பார்த்ததும் கரையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். நீ அதைப் போட்டோ எடுத்தாய். முள்ளைக் கழற்றினாய். இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து விட்டுவிட்டாய். அந்தப் பிள்ளையின் அம்மா, நமக்கு மேற்கு வீட்டு அக்கா, தலையில் கை வைத்துக்கொண்டு, "அட பாவிப்பயலே, கொதிக்கிற கொழம்பைத் தூக்கிக் குளத்துல ஊத்திட்டானே!" என்று கத்தினாள். "அத்தை, அதுக்கும் உயிர்தான" என்று நீ சொன்னாய். "அப்ப எதுக்குலே அது வாயில முள்ளைக் குத்துன?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கரையில் ஓடிக்கொண்டிருந்த அவள் மகள் நின்று, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

அந்தக் குளத்தில் நீ சின்னப் பையனாக முதன்முதலில் தூண்டில் போட்டபோது மீன்பாசிக் குத்தகை ஒரு வாசுதேவநல்லூர்க்காரரிடம் இருந்தது. தண்ணீர் வயலுக்கு, மீன் குத்தகைக்காரருக்கு என்பது ஏற்பாடு. அவர் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். வலை இழுக்கப் போன நம் தெரு ஆட்களைப் படிக்குக் கீழே நிறுத்தி வைத்துத்தான் கூலி பேசுவார். உன் அப்பா வயசில் பாதி இருப்பார், உன் அப்பாவை வாலே போலே என்பார். ஆனாலும் எங்களுக்கு முன்னாலிருந்தே அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குத்தகை வலைக்கு மட்டும்தான். ஒரு கம்பு, ஒரு நரம்பு, ஒரு முள், வீட்டுச் சட்டிக்கு வேண்டிய மீன் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் குத்தகைக்காரர் கேட்கமாட்டார். விற்கக் கூடாது, வலையைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ ஆசைப்பட்டு ஒரு நாள் கொசுவலையைக் கட்டி மடையோரம் மீன் அரித்தாய். அவர் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். வந்தவர் கொசுவலையை நம் வாசலிலேயே போட்டுக் கொளுத்தினார். அப்புறம் கரையிலிருந்து எடுத்து வந்து தன் வண்டியில் சாய்த்து வைத்திருந்த உன் மூங்கில் கம்பை எடுத்து நீட்டினார். "வலையைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன். தூண்டில்னா போட்டுக்கோ. ஒத்த முள்ளுக்குக் குத்தகை கெடையாது" என்றார். மறுநாளே நீ போய் உட்கார்ந்துவிட்டாய். அந்த மழைக்காலம் முழுக்க நம் வீட்டில் குழம்பு என்று ஒன்று இருந்ததற்கு அந்தக் கம்புதான் காரணம். வாசற்படிக்கு மேலே நம்மை ஏறவிடாத மனிதர், கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நம் தெருவிலேயே பிறந்த நீ பிடுங்க ஆள் வைத்தாய். அந்த ஆளும் உன் அப்பா.

போன ஆனியில், சாரல் தொடங்கின சமயம், குளத்தை நீ குத்தகைக்கு எடுத்தாய். எங்களுக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்கமாட்டேன். நம் ஆள் ஒருவன் முதல் தடவையாக ஏலத்தில் நின்று எடுத்திருக்கிறான் என்று தெருவே சந்தோஷப்பட்டது. குற்றாலத்துக்கு அருவியில் குளிக்க வருகிறவர்களை இங்கே கூட்டிவந்து தூண்டில் போடச் சொல்லிக் கட்டணம் வாங்கப் போவதாகச் சொன்னாய். பிடிக்கிற மீனை விட்டுவிட வேண்டும், அதனால் குளமும் கெடாது, மீனும் குறையாது என்றாய். கேட்க நன்றாக இருந்தது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். நூலும் கையும் என்னிடம் இருக்கிறது. கறிக்கடையில் சேவல் கழுத்து இறகைச் சும்மாவே கேட்டு வாங்கலாம் என்று சொன்னாய். முள்ளைக் கிளிப்பில் மாட்டி, இறகை முள்ளின் தண்டோடு சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றி முடிச்சுப் போட இரண்டு நாளில் பழகிவிட்டேன். சிவப்பு நூலுக்கு அதிகம் கடிக்கிறது என்று நீ சொன்னதும், தைத்த ஜாக்கெட்டுகளில் மிஞ்சின சிவப்பு நூல்கண்டையெல்லாம் அதற்கே வைத்துக்கொண்டேன். தூண்டில் முகாம் என்று நீ பெயர் வைத்த இடத்துக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் பிடித்துப் பிடித்து விடுகிற அத்தனை மீனும் என் முடிச்சில் மாட்டினவைதான்.

பிறகு வேலி வந்தது. விருந்தாளிகளின் பிள்ளைகள் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொன்னாய். நம்பினேன். வேலிக்குக் கேட் வந்தது. கேட்டுக்குப் பலகை வந்தது. அனுமதியில்லாமல் மீன் பிடிப்பவர்கள் மேல் சட்டப்படி நடவடிக்கை. மடைப் பக்கம் கல்படி இருக்கிற இடத்தில் வேலி முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் பாசன வேலைக்கான வழி, அதை நீ அடைக்க முடியாது. ஆகவே தெருவில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு தூண்டில்காரர்களும் அந்தக் கல்படிக்கு ஒதுங்கினார்கள். உன் அப்பாவுக்கு நீ ஒரு தொப்பி கொடுத்தாய், ஒரு விசில் கொடுத்தாய், நீ அமெரிக்காவில் போட்ட ரப்பர் கால்சட்டையையும் கொடுத்தாய். நெஞ்சுவரை ஏறுகிறது, தோளில் இரண்டு வார், பாதமும் அதோடேயே சேர்ந்திருக்கிறது. பனி ஏரியில் கால் நனையாமல் நிற்க வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது. இவர் அதை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கே போனார். "என்ன அண்ணாச்சி, நிலாவுக்குப் பொறப்பட்டாச்சா?" என்று கேட்டார்கள். உள்ளே வியர்த்து ஊற்றும். கழற்றச் சொன்னால், "மவன் கொடுத்தது, உனக்கென்னட்டி?" என்பார்.

அந்தப் பிள்ளை கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். நான் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மெஷின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்கும் ஒரு கோழிமுள் கட்டித் தாங்களேன். இந்தக் குளிருக்குப் புழுவை ஒரு மீனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குது."

"போலீஸாவப் போறவளுக்கு மீன் எதுக்குட்டி?"

"போலீஸானா கொழம்பு வேண்டாம்னு சொல்லிருவாங்களா? வேலை வரட்டும் அத்தை, மொத நாளே உங்க வீட்டுக்காரரோட விசிலைப் புடுங்கிருதேன். காலங்காத்தால ஊதி ஊதி உசிரை வாங்குதாரு."

சிரித்துக்கொண்டே ஒன்று கட்டிக் கொடுத்தேன். சிவப்பு நூல், வெள்ளை இறகு. என் நூல், என் கை, கறிக்கடைக்காரர் சும்மா கொடுத்த இறகு. முள் மட்டும் அவளே கொண்டுவந்திருந்தாள். இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். உன் மனுவில், அப்பாவைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள் என்பதற்குக் கீழே, 'முகாமின் மீன்பிடி உபகரணத்தைத் திருடி' என்று ஒரு வரி இருக்கிறது. நீ திருட்டு என்று சொன்ன பொருள் அதுதான்.

உன் அப்பா தண்ணீரில் விழுந்த அன்றைக்குக் காலையில் புதிதாகக் கட்டின முள்களை டப்பாவில் போட்டுக்கொண்டு உன்னிடம் கொடுக்க வந்தேன். கரை மேலே நடந்து வந்ததால் எனக்கு எல்லாமே தெரிந்தது. அவள் ஓடி முடித்துவிட்டுக் கல்படியில் உட்கார்ந்து ஒற்றைக் கம்பு போட்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. உன் அப்பா இந்தப் பக்கம் தண்ணீருக்குள் நின்று ஒரு விருந்தாளியின் தக்கை செடியில் சிக்கினதை எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் விசில் ஊதினார். அவள் திரும்பிப் பார்த்து, "மாமா, இன்னும் ஒண்ணு மாட்டுனா எந்திரிச்சிருதேன். ரெண்டுதான் இருக்கு, கொழம்புக்குப் பத்தாது" என்றாள். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்கு ரோஷம். தண்ணீருக்குள்ளேயே நடந்து போய்க் கம்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். "கொடுட்டி கம்பை!" என்றார். அவள் ஒரு கணம் பிடித்திருந்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். இழுத்த வேகத்தில் அவர் மல்லாக்க விழுந்தார். பின்னால் மடைக்குழி. அங்கே ஆழம் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் ஏறினதும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நீந்தத் தெரிந்த மனுஷன். கை இரண்டையும் அடித்தார், கால் வரவில்லை. தொப்பி தனியாக மிதந்தது. நான் கத்தினேன். நான் ஓடி வருவதற்குள் அவள் குதித்துவிட்டாள். தோள்வார் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, படியில் காலை உதைத்து, பின்னுக்கு இழுத்து இழுத்துக் கரையேற்றினாள். "மாமா, வாயை மூடுங்க, தண்ணியக் குடிக்காதிய!" என்று அவள் திட்டினது எனக்குக் கேட்டது. படியில் போட்டதும் அவர் இருமினார். வாரைக் கழற்ற முடியாமல் அவள் பல்லால் கடித்துக் கிளிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் குடத்திலிருந்து கொட்டுகிற மாதிரி கொட்டியது. உன் விருந்தாளி ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தது அந்த நேரத்தில்தான். அதில் தெரிவது, ஒரு பெண் உன் அப்பாவின் வாரைப் பிடித்து உலுக்குகிறாள் என்பது. நீ பத்து நிமிஷம் கழித்து வந்தாய். அந்தப் படத்தைப் பார்த்தாய். என்னைக் கேட்கவில்லை.

நானாகவே சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் முகாம் கொட்டகையில் வைத்து, நீ மாமனாரோடு போனில் பேசி முடித்த பிறகு சொன்னேன். நீ கம்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"எம்மா, அவ கம்பை விட்டதாலதான அப்பா விழுந்தாவ?"

"உங்க அப்பா கேட்டாரு, அவ குடுத்தா. கேட்டதைக் குடுத்தது குத்தமாலே?"

"நீ சும்மா இரிம்மா. ஒரு தடவை கேஸ் போட்டாத்தான் ஒருத்தனும் அங்கன வந்து உக்காரமாட்டான். மாமாவே சொல்லுதாவ."

"அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்லே."

"அதெல்லாம் யோசிச்சா தொழில் பண்ண முடியாது."

இதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பு நுனியில் இருந்த வளையங்களைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தைப் பார்த்து நீ ஏமாறவில்லை. தெரிந்துதான் செய்கிறாய். கல்படியில் உட்கார்ந்தது பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தால் செய்திருப்பாயா? குளத்துக்குக் கிழக்கே தோப்பு வைத்திருக்கிறவர்களின் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டைத் தட்டினால் நீயே போய்த் திறந்துவிட்டு நாற்காலி போடுகிறாய். கட்டணமும் கேட்பதில்லை. அவர்கள் பிடித்த மீனை விடுவதுமில்லை, பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். பலகையில் எழுதியிருக்கிற சட்டம் நம் தெருவுக்கு மட்டும்தான். மீனுக்கு உயிர் உண்டு என்று பாடம் சொல்கிறவனுக்கு, கல்படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று தெரியவில்லை. பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறவன் கனவான். பிடித்து, கழுவி, சட்டியில் போடுகிறவள் திருடி. இதை எந்த ஊரில் கற்றுக்கொண்டாய்? உனக்குத் தூண்டில் பழக்கின அந்த வெள்ளைக்காரர், ஏரியில் யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்காரலாம், சாப்பிட வேண்டிய மீனைக் கொண்டும் போகலாம் என்று சொன்னதாக நீதான் முதல் நாள் கரையில் வைத்துச் சொன்னாய். அங்கே இருந்து தக்கையைக் கொண்டுவந்தாய், இறகைக் கொண்டுவந்தாய், அதை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டாய்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வரப்போகிற பெண் உன்னிடம் ஒரு நாள் இதைக் கேட்பாள். இந்த ஊரில் எதுவும் மூடிக் கிடக்காது. அவளிடம் நீ என்ன சொல்வாய் என்று இப்போதே யோசி. அவள் அப்பா சொன்னார் அதனால் செய்தேன் என்றால், வாழ்நாள் முழுக்க அவர் சொல்வதையே செய்ய வேண்டியிருக்கும். நானும் உன் அப்பாவும் அப்படி ஒன்றும் ஒற்றுமையாக இருந்துவிடவில்லை. ஆனால் அவர் தப்பு செய்தால் நான் வெளியே சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும், நான் செய்தால் அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதிலேதான் இத்தனை வருஷம் ஓடியது. வேலி போட்ட அன்றைக்கு மட்டும் நான் வாயை மூடிக்கொண்டேன். மகன் வேலை இல்லாமல் வந்தவன், ஏதோ ஒன்றில் காலூன்றட்டும் என்று நினைத்தேன். இனிமேல் மூடமாட்டேன். டப்பாவில் இருந்த முள்களை அப்படியே உன் கொட்டகையில் வைத்துவிட்டேன். அதற்குமேல் ஒரு முள்ளும் கட்டித் தரமாட்டேன். சிவப்பு நூலை எடுத்து மறுபடியும் ஜாக்கெட்டுக்கே போட்டுவிட்டேன்.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்பாய். அன்றையிலிருந்து குளத்துக்குப் போகவில்லை. சளி என்கிறார். ரப்பர் கால்சட்டை கொடியில் தலைகீழாகத் தொங்குகிறது. காய்ந்து எத்தனையோ நாளாகிறது, எடுக்கவில்லை. "உம்மைத் தூக்கினது யாருன்னு ஸ்டேஷனில வந்து சொல்லுவீரா?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு பொம்பளைப் பிள்ளை தூக்கிக் காப்பாற்றினாள் என்பதைச் சொல்ல அவருக்கு வெட்கம். அவள் தள்ளிவிட்டாள் என்று நீ சொன்னதை மறுத்தால் மகனுக்குக் கெட்ட பேர். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறார்.

திங்கட்கிழமை நான் போவேன். கம்பைப் பிடுங்கினவர் யார், விழுந்தவர் எப்படி விழுந்தார், குதித்தது யார், அந்த முள்ளைக் கட்டிக் கொடுத்தது யார் என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவேன். இறகையும் நூலையும் கொண்டுபோய் அதிகாரி மேசை மேலேயே ஒன்று கட்டிக் காட்டுவேன். பெற்ற மகனுக்கு எதிராக அம்மா சாட்சி சொன்னாள் என்று ஊர் பேசும். பேசட்டும். ஆனால் நான் போய்ச் சொல்லி அது நிற்பதும், நீயே போய் மனுவைத் திரும்ப வாங்குவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். என் வார்த்தையை எழுதிக்கொள்வார்கள், உன் வார்த்தையையும் எழுதிக்கொள்வார்கள், இரண்டையும் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று வழக்குப் போட்டுவிடுவார்கள். அவள் பெயர் ஏறிவிடும். அதனால் நீதான் போக வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் போக வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது மெஷின் மேலே, பாக்குத் தட்டுக்குப் பக்கத்தில், உன் அப்பாவின் போன் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் அந்தப் பிள்ளை வீடு இருக்கிற மேற்குப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் அவருடைய போனிலிருந்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய்.

"சொல்லுங்கப்பா."

"அப்பா இல்லலே. அம்மா."

நீ வைத்துவிடவில்லை. பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி, "சார், தக்கை படுக்குது, தக்கை படுக்குது!" என்று கத்தினார்.

"மனுவைத் திரும்ப வாங்குதியா, இல்லையாலே?" என்று கேட்டேன்.

ரீல் சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். உன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"எய்யா, உங்கிட்டதான் கேக்கேன். வாங்குதியா, இல்லையா?"